கடைசி ரீலுக்கு ஒருத்தி

குழாயடியில் என் குடங்கள் நிரம்பி நின்றன. அவற்றைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். மாட்டுங்காவில் ரயில் பாலம் ஏறி இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. முகத்தைத் துடைக்கக்கூட விடவில்லை.

"சொல்லுட்டி பூரணம். அவன் எங்கதான் போனான்?" என்றாள் தங்கபுஷ்பம் அக்கா.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "வரலக்கா" என்றேன்.

"யாரு வரல?"

"அந்த ஆளு. கடைசி வரைக்கும் வரல. படம் முடிஞ்சிட்டு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

போன வாரம் தோல் கிடங்கு நாற்றத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்த ஒருவர், அந்தக் காலத்து சினிமாவைப் பற்றி எழுதக்கூடாதா என்று கேட்டாராம். எழுதலாம். ஆனால் பாட்டும் நடிகர்களும் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. எரிச்சல்தான் நினைவிருக்கிறது. அதிலும் ஆள் காணாமல் போகும் படங்கள் எனக்குக் கொடுத்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஜீப் வந்தால் எழுந்துவிட வேண்டும்

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் கேட்டால் சொல்லத் தெரியாது. என் மூத்தவள் அப்போது பிறக்கவில்லை.

தாராவியில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட எங்கள் சால் முழுவதற்கும் ஒரே குழாய். காலையில் கொஞ்சம் தண்ணீர், சாயங்காலம் கொஞ்சம். அந்தச் சாயங்காலத் தண்ணீர், மேட்னி முடிவதற்கு முன்னாலேயே வந்துவிடும். படம் பாதி தாண்டி, யார் கொலைகாரன் என்று தெரியப்போகிற நேரம் இருக்கிறதே, சரியாக அப்போதுதான் குழாயில் முதலில் காற்று வரும், பிறகு தண்ணீர் வரும். குழாய் போட்டவரும் கொட்டகை கட்டியவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் போலிருக்கிறது.

தண்ணீர் பிடிக்காமல் விட்டால் ராத்திரிச் சமையல் இல்லை. வேலைக்குப் போன ஆண்கள் வந்து கைகால் கழுவ முடியாது. அதனால் பெண்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து படத்துக்குப் போவது. தண்ணீர் நேரம் வந்ததும் எழுந்து வந்துவிடுவது. ஒருத்தி மட்டும் இருந்து முடிவைப் பார்ப்பது. அவள் குடத்தையும் மற்றவர்கள் நிரப்பி வைப்பார்கள். அவள் வந்து குழாயடியில் முடிவைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒருத்தி முறை.

கடிகாரம் யாரிடமும் கிடையாது. திரையில் போலீஸ் ஜீப் வந்தால் தண்ணீர் நேரம் என்று அர்த்தம். அந்த நாளைய இந்திப் படங்களில் இது அநேகமாகத் தப்பாது. ஜீப் வெளிச்சம் பனியைக் கிழித்துக்கொண்டு வளைவில் திரும்பும். "எழும்புங்கட்டி" என்பாள் தங்கபுஷ்பம் அக்கா. ஒரு வரிசையே காலியாகும். பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். இடுக்கில் நுழையும்போது மூட்டைப்பூச்சி நாற்காலி சேலையைப் பிடித்து இழுக்கும்.

இப்படி எத்தனை படங்களை நான் முண்டமாகப் பார்த்திருக்கிறேன்! தலையை மற்றவர்கள் வாயால் கேட்க வேண்டும். அவர்கள் சொல்கிற லட்சணம் இருக்கிறதே, அது இன்னொரு கொடுமை. தங்கபுஷ்பம் அக்கா தன் முறையில் ஒரு படத்தின் முடிவைச் சொன்னாள். காணாமல் போன பெண் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தாளாம், பெட்டியைத் திறந்தால் நல்ல பாம்பு சீறிக்கொண்டு வந்ததாம். நாங்கள் நடுங்கிப்போனோம். அந்தப் படத்தில் பெட்டியும் இல்லை, பாம்பும் இல்லை என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டால், "இருந்தா நல்லாருக்கும்லா?" என்றாள்.

பங்களாவில் வசதி அதிகம்

எங்களில் இந்தி நன்றாகத் தெரிந்தவள் ரோசம்மா. நாசரேத் பக்கத்துக்காரி. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை செய்தவள். கொட்டகையில் நடுவில் உட்கார்ந்து வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பித் தமிழில் சொல்லுவாள். மெதுவாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு.

அந்த நாளில் வந்த படங்களில் பாதியில் யாராவது காணாமல் போனார்கள். பனி இருக்கும். வெள்ளைச் சேலை இருக்கும். அரிக்கேன் விளக்கோடு ஒரு கிழட்டு வாட்ச்மேன் இருப்பான். கதவு தானாகத் திறக்கும். பெண்ணுக்கு மட்டும் பேய் தெரியும், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அவள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். டாக்டர் வந்து மாத்திரை கொடுப்பார்.

எல்லாம் பங்களாவில்தான். இருபது அறை இருந்தால் யார்தான் காணாமல் போகமாட்டார்கள்? எங்கள் சாலில் ஒருவன் காணாமல் போக வேண்டுமானால் எட்டு வீட்டில் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். ஒன்பதாவது வீட்டில், "எங்க, இந்த நேரத்துல?" என்று நிறுத்தி வைத்துக் கேட்பார்கள்.

நான் சொல்லவந்த படத்தில் ஒரு புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் மலைமேல் இருக்கும் பங்களாவுக்குப் போகிறார்கள். அவன் வராந்தாவில் நின்று சிகரெட் பற்றவைக்கிறான். இவள் உள்ளே போய்ச் சால்வை எடுத்துக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணவில்லை. கைப்பிடிச் சுவரின் மேல் சிகரெட் மட்டும் புகைந்துகொண்டிருக்கிறது.

வாட்ச்மேனைக் கேட்டால், "நீங்க தனியாத்தானே வந்தீங்க மேம்சாப்" என்கிறான். ஸ்டேஷன் மாஸ்டரும் ஒரு பெண்தான் இறங்கினாள் என்கிறார். பெட்டியில் இருந்த கல்யாணப் போட்டோவும் இல்லை. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை, மனசு சரியில்லை என்று டாக்டர் சொல்கிறார்.

"அடப்பாவி! தாலி கெடக்குல்லா கழுத்துல, அதப் பாருடா!" என்று தங்கபுஷ்பம் அக்கா திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"வடக்க அது கருப்பு மணிக்கா. அதையும் காணும்" என்றாள் ரோசம்மா.

அப்போது ஜீப் வந்துவிட்டது. அன்றைக்கு என் முறை.

தனியாக ஒரு வரிசையில்

அதுவரை என்னை முறையில் சேர்க்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். காரணம், நான் வாய் திறக்க மாட்டேன். கடைக்காரன் தப்பான பருப்பைக் கொடுத்தால் அதையே வாங்கிக்கொண்டு வருவேன். காட்கோபருக்கு ஒரு தடவை ரயிலில் போனபோது, இறங்க வழி கேட்கக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டேஷன் வரை போய்விட்டேன். நாலு பெண்களுக்கு முன்னால் நின்று கதை சொல்வதென்றால் எனக்குக் காய்ச்சல் வரும்.

இந்தத் தடவை அடுத்த வீட்டுப் பார்வதிதான் விடவில்லை. "அவளும் நம்மகூடத்தான பாக்கா. அவளுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்றாள். கைப்பிள்ளைக்காரி. தன் முறையில் பிள்ளை அழுது பாதி முடிவைத் தவறவிட்டவள். அந்தக் கோபம் அவளுக்கு.

எல்லோரும் போனபின் அந்த வரிசையில் நான் மட்டும். சேலையால் தலையை மூடிக்கொண்டு கண் இமைக்காமல் பார்த்தேன். எனக்கு இந்தி காய்கறிக்காரனோடு பேசுகிற அளவுக்குத்தான். இருந்தாலும் கண் இருக்கிறதே.

போலீஸ்காரர்கள் தோட்டத்தைத் தோண்டினார்கள். குளத்தை இறைத்தார்கள். ஒரு ஷூ கிடைத்தது. டாக்டர் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் அவள் ஸ்டேஷனில் நிற்கிறாள். ரயில் வருகிறது. இறங்குகிற ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறாள். ரயில் போய்விடுகிறது. பனி மூடுகிறது. அவள் லேசாகச் சிரிக்கிறாள். அவ்வளவுதான், விளக்குப் போட்டுவிட்டான்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏதோ ரீல் மாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். பெருக்குகிறவன் வந்து காலைத் தூக்கச் சொன்னபோதுதான் எழுந்தேன்.

"நீ கண்ண மூடிட்ட"

"ஷூ யாரோடது?" என்றாள் பார்வதி.

"தெரியல."

"டாக்டர் கெட்டவனா?"

"தெரியல."

"பொறவு எதுக்குட்டி அவ சிரிச்சா?"

"அதுவும் தெரியல."

"ரெண்டு கொடம் ஒனக்காகத் தூக்கி வச்சேன். இதுக்கு அந்தக் கொடத்தையே உக்காத்தி வச்சிருக்கலாம்" என்றாள் தங்கபுஷ்பம் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்போடு முடிந்திருந்தால் சரி. ரோசம்மா எனக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "பாவம், அவளுக்கு இந்தி வெளங்கிருக்காதுக்கா" என்றாள். "பயத்துல கண்ண மூடிருப்பா" என்றாள் பார்வதி. அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஆளு காணாமப் போனா ஒண்ணு செத்துக் கெடப்பான், இல்லாட்டி திரும்பி வருவான். ரெண்டும் இல்லாம எவன்ட்டி படம் எடுப்பான்? சொல்லுகதுக்குக் கூச்சப்பட்டுப் பொய் சொல்லுதா. இனிமே இவள கூட்டிட்டுப் போகவும் வேண்டாம், இவ கொடத்தத் தொடவும் வேண்டாம்."

படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அது பெரியது. என் வீட்டுக்காரருக்கு அம்பர்நாத்தில் தொழிற்சாலை வேலை. விடியுமுன் போனால் இருட்டியபின் வருவார். நல்ல மனிதர்தான், ஆனால் நான் ஊருக்குப் புதுசு என்று அவருக்குப் பயம். "தங்கபுஷ்பத்தக்கா கூடன்னா எங்க வேணும்னாலும் போ. ஒத்தையில வாசல் தாண்டாத" என்று சொல்லியிருந்தார். கடைசி ரீலுக்கு இருப்பவள் தனியாகத் திரும்பி வருவது அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை என்று அக்காவே முடிவு செய்திருந்தாள்.

அக்கா கைவிட்டால் எனக்கு ஜன்னல் இல்லாத அந்த ஒற்றை அறைதான். மதியமெல்லாம் தகரக் கூரை சூட்டில் பல்லியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

அந்த வாரம் முழுவதும் அப்படித்தான் கிடந்தேன். குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் சொன்னதையே நினைத்து நினைத்து எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை கண்ணை மூடித்தான் விட்டேனா? இமைத்த நேரத்தில் அவன் ரயிலிலிருந்து இறங்கிவிட்டானா? பங்களாவில் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. அவளுக்காவது மாத்திரை கொடுக்க டாக்டர் இருந்தார்.

தண்ணீருக்கு யார் போவது?

தூக்கம் போனது எனக்கு மட்டும் இல்லை. வியாழக்கிழமை காலையில் தங்கபுஷ்பம் அக்கா என் வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நாளைக்குப் படத்த மாத்துதானாம். இன்னைக்குப் போயி முடிவப் பாக்கப் போறேன். நீயும் வா."

"நான் எதுக்குக்கா?"

"பொய்யின்னு தெரிஞ்சா அங்ஙன வச்சே நாலு கேள்வி கேக்கணும்லா? வீடு வந்து சேருறதுக்குள்ள எனக்குக் கோவம் ஆறிரும்."

அக்கா மட்டும்தான் இருந்து பார்ப்பதாகத் திட்டம். ரோசம்மா மொழிக்காக இருக்கிறேன் என்றாள். மற்றவர்கள் ஜீப் வந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் பிடிப்பதாகப் பேச்சு. எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

இரண்டாம் தடவை படம் பார்ப்பது அப்படி ஒரு எரிச்சல். நடக்கப்போவது தெரிந்தும் பார்வதி, "சால்வை எடுக்கப் போவாதட்டி, போவாத!" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு வேறு கவலை. அவன் மட்டும் திரும்பி வந்துவிட்டால் என் கதை முடிந்தது.

ஜீப் வந்தது. வெளிச்சம் வளைவில் திரும்பியது.

யாரும் எழவில்லை.

அக்கா குனிந்து வரிசையைப் பார்த்தாள். "ஏட்டி, தண்ணி."

"பார்வதி போவா" என்றாள் ஒருத்தி.

"நான் பிள்ளைக்காரி. நீ போ."

"போன தடவையும் நான்தான் போனேன். இவ சொல்லிக் கேட்டதே போதும். என் கண்ணால பாக்கணும்."

"நீங்க போறீங்கன்னுதானட்டி நான் இருந்தேன்!" என்றாள் ரோசம்மா.

பின்னாலிருந்து ஒரு மராத்திக்கார அம்மாள் வாயை மூடச் சொல்லி ஒரு அதட்டல் போட்டாள். எல்லோரும் மூடிக்கொண்டோம். ஒருத்தி எழுந்துவிடுவாள் என்று ஒவ்வொருத்தியும் இருந்தாள். அதற்குள் போலீஸ் தோண்ட ஆரம்பித்துவிட்டது. தோண்டும்போது யாரால் எழுந்து போக முடியும்?

குளத்தை இறைத்தார்கள். ஷூ வந்தது. டாக்டர் முகத்தைத் திருப்பினார். ஸ்டேஷன் வந்தது. ரயில் வந்து நின்றது. அக்கா முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். இறங்குகிற ஒவ்வொருவனையும், "இவனா? இவனா?" என்று கேட்டாள். ரயில் போனது. பனி மூடியது. அவள் சிரித்தாள்.

விளக்குப் போட்டுவிட்டான்.

எங்கள் வரிசையில் ஒருத்திகூட அசையவில்லை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி பூரணம், நெசமாவே வரலயேட்டி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா, ஆத்திரமா என்று தெரியவில்லை. "அதத்தானக்கா ஒரு வாரமாச் சொல்லுதேன்!" என்று கத்தினேன். நான் பொது இடத்தில் கத்தியது அதுதான் முதல் தடவை. முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

ரோசம்மா நேராக வாசல்காரனிடம் போய்விட்டாள். "ஆத்மி கஹாங் கயா?" அந்த ஆள் எங்கே போனான் என்று கேட்கிறாள். வாசல்காரன் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான். தினம் மூணு காட்சி பார்க்கிறேன் அம்மா, எனக்கும் தெரியவில்லை, தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்றான்.

காய்ந்த குழாய்

பாலத்தின் மேல் ஒரே சண்டை. டாக்டர்தான் கொன்றான் என்றாள் பார்வதி. அந்தப் பெண்ணே கொன்றுவிட்டாள், அதனால்தான் சிரித்தாள் என்றாள் ரோசம்மா. அவன் வேறு ஒருத்தியோடு ஓடிவிட்டான், ஆம்பிளைக்கு இதற்குப் பனி வேறு எதற்கு என்றாள் அக்கா. பாலத்துக்குக் கீழே மின்சார ரயில் ஒன்று போனது. அதில் கதவில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஆண்களைப் பார்த்ததும் அக்கா அப்படியே நின்றாள்.

"ஐயையோ, தண்ணி!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினோம். குழாயைத் திறந்தால் 'புஸ்' என்றது. அடுத்த சால் பெண்கள் நிரம்பிய குடங்களோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அக்கா யாரிடமும் கெஞ்சாதவள். அன்றைக்குக் கெஞ்சினாள். ஆளுக்கு ஒரு செம்புதான் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் வந்து கை கழுவக் குடத்தைச் சாய்த்தார். குடம் காலி.

"தண்ணி எங்க?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. கத்திய தைரியம் இன்னும் மிச்சம் இருந்தது. "பிடிக்கல. படத்துல ஆளக் காணல" என்றேன்.

"என்னது?"

சொன்னேன். வராந்தாவிலிருந்து ஆரம்பித்து சிகரெட், போட்டோ, ஷூ எல்லாம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை. எண்ணெய்க் கறை படிந்த கையை அப்படியே நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து கேட்டார். தனியாகத் திரும்பி வந்ததையும் சொல்லிவிட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அப்ப அவன் எங்கதாம்ட்டி போனான்?" என்றார்.

"ஐயோ, நீங்களுமா!" என்றேன்.

மறுநாள் காலைத் தண்ணீருக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றோம். அக்கா மன்னிப்பெல்லாம் கேட்கிறவள் இல்லை. என் குடத்தை வாங்கிக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இனிமே கடைசி ரீலுக்குப் பூரணம்தான். எல்லாப் படத்துக்கும். முறை கிறை ஒண்ணும் கெடையாது."

"எனக்குக் கதை சொல்லத் தெரியாதுக்கா."

"தெரியாட்டாத்தான் நல்லது. தெரிஞ்சவளுவ எல்லாம் கூட்டிச் சொல்லுதோம்லா."

இப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. நியாயம் கிடைத்தது என்று சந்தோஷப்படுவதா, வாழ்நாள் தண்டனை என்று தலையில் அடித்துக்கொள்வதா? அடுத்த படத்தில் ஒரு பணக்காரன் காணாமல் போனான். எல்லோரும் ஜீப்போடு போய்விட்டார்கள். நான் இருந்து பார்த்துவிட்டு வந்து குழாயடியில் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"தம்பிதான் அடச்சு வச்சிருந்தான். போலீஸ் புடிச்சிட்டு. அண்ணன் வீட்டுக்கு வந்துட்டான்."

"அவ்வளவுதானா?" என்று பார்வதி எரிந்து விழுந்தாள்.

"அவ்வளவுதான்."

வாய்க்குள் என்னவோ முனகிக்கொண்டு ஆளுக்கொரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். மறு கேள்வி யாரும் கேட்கவில்லை.